டைமிங் வைக்கத் தெரியாதவன்

“ஜெயரூபனுக்கு டைமிங் வைக்கத் தெரியாது!”

கோயிலடிக் கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, காருக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சொன்னார் தம்பிஐயா. “எஞ்சினை அடியோட கழட்டித் திருத்தியும் என்ன? என்ர மொறிஸ் மைனரை மாட்டு வண்டிலாக்கிப் போட்டான்.”

வழியில் அவர்களை முந்திப்போன ஐஸ்பழ வான் கடைவாசலில் ஏற்கெனவே வியாபாரம் தொடங்கியிருந்தது.

பின் சீற்றில் இருந்த மகன் சிவகரனுக்கு முகம் சுருங்கியது. அவன் ரொறன்ரோவில் கராஜ் வைத்திருப்பவன். அப்பாவின் காரைத் திருத்தச் சொன்னவனும் அவன்தான், அதற்கென்று எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் புது டிஸ்ரிபியூட்டர் வாங்கி அனுப்பியவனும் அவன்தான். நேற்றுத்தான் ஊருக்கு வந்திருந்தான்.

கடைக்கார நாகமுத்து சிரித்தார். “என்ன தம்பி, கனடா மெக்கானிக்கை ஏத்திக்கொண்டு வந்தும் ஐஸ்பழத்துக்குப் பின்னாலயோ?”

“பின்னேரம் பாருங்கோ அண்ணை. இதே றோட்டில பறக்க வைக்கிறன்” என்றான் சிவகரன்.

“இந்தச் சுருவில் ஊருக்குள்ள பறந்து எங்க மோனை போறது?” என்றாள் முன் சீற்றில் இருந்த அம்மா சரோஜினிதேவி. “இப்பிடியே ஓடட்டுமன்.”

வீடு திரும்பும் வழி முழுக்க அம்மா கதைத்துக்கொண்டே வந்தாள். மாடு குறுக்க நிக்குது, பொடியள் சைக்கிளில வருகினம், ஆரோ றோட்டில நெல்லுக் காயப்போட்டிருக்கினம்.

“எல்லாத்தையும் சொல்லிக்கொண்டு வாறா” என்றான் சிவகரன்.

“அவவின்ர வாய் சும்மா இராது” என்றார் அப்பா. “நாப்பது வருசம் ஹயருக்குக் கார் ஓடினனான் மோனை. இந்த டைமிங்கோட பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போகேலுமோ? அதுதான் கோயிலோட நிக்கிறன். இல்லாட்டி…”

வீட்டு முற்றத்தில் சிவகரன் காரின் பொனற்றைத் திறந்தான். ஸ்டார்ட் பண்ணினால் உடனே பிடிக்கிறது. நிற்கும்போது சீராக ஓடுகிறது. மிதித்தால்தான் எழும்பவில்லை. பார்த்தால், பூட்டியிருந்தது பழைய டிஸ்ரிபியூட்டர்.

கழற்றிப் பிரித்தான். எஞ்சின் வேகம் கூடக்கூடப் பொறி முந்தி விழவேண்டும், அதுதான் டைமிங். அதற்காக உள்ளே இரண்டு எடைத்துண்டுகள் விரிந்து கொடுக்கும். அவற்றை விரியவிடாமல் யாரோ செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பழுது இல்லை, வேண்டுமென்றே செய்த வேலை.

அதைக் கையோடு எடுத்து, பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு கரம்பொன்னில் ஜெயரூபனின் கராஜுக்குப் போனான்.

“என்ர புதுச் சாமான் எங்க? அதை வித்துப்போட்டுப் பழசைக் கட்டிப் பூட்டியிருக்கிறீர். திரும்பத் திரும்ப உம்மட்ட வரட்டும் எண்டோ?”

ஜெயரூபன் உள்ளே போய், அவன் அனுப்பிய அதே பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

“முதல் இதைத்தான் பூட்டினனான். நல்ல சாமான், கார் பறந்துது. ஐயாதான் ஓடினவர், நான் பக்கத்தில. அல்லைப்பிட்டிப் பெரிய றோட்டில எதிரில வந்த பஸ் அவருக்குத் தெரியேல்லை.”

“தெரியேல்லையெண்டா?”

“கண் தெரியேல்லை. நான்தான் ஸ்டியறிங்கைப் பிடிச்சு இழுத்தனான். வீட்டில இறங்கேக்க, ‘எஞ்சினில ஏதோ பிழை, ஜெயரூபன்’ எண்டார். ஓம் ஐயா, என்ர டைமிங்தான் பிழையெண்டு சொன்னனான்.”

சிவகரன் கையிலிருந்த டிஸ்ரிபியூட்டரைப் பார்த்தான்.

“பிழையெண்டு சொல்லிப்போட்டுக் கார் பறந்தா நல்லாவோ? அதுதான் கட்டினனான். இப்ப அம்மாவைக் கோயிலடிக்குக் கூட்டிக்கொண்டு போறார், வாறார். பெரிய றோட்டுப் பக்கமே வாறேல்லை.”

“ஊர் முழுக்க உம்மைத் திட்டித் திரியிறாரே!”

“தெரியும். ரெண்டு ஹயர்க்காரர் இஞ்சால வாறதை விட்டிட்டினம்.” ஜெயரூபன் சிரித்தார். “ஊர் அந்த மனுசன்ர கண்ணைப் பற்றிக் கதைக்கிறதை விட என்ர கை வேலையைப் பற்றிக் கதைக்கட்டும். நீர் மகன். ரெண்டு சாமானும் இந்தா இருக்கு. எதைப் பூட்டுறதெண்டு நீரே பாரும்.”

பின்னேரம் சிவகரன் காருக்குள் குனிந்து நின்றான். முதல் சிலிண்டரை மேலே கொண்டுவந்து, குறியை நேர்ப்படுத்தி, டிஸ்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி இறுக்கினான். அப்பா பக்கத்தில் நின்று எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். எதைப் பூட்டினாய் என்று கேட்கவில்லை.

கோயிலடியில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கார் பறக்கப்போகுது என்று நாகமுத்து சொல்லிவைத்திருந்தார்.

கார் கோயிலடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. “மாடு நிக்குது” என்றாள் அம்மா.

“இடப்பக்கம் ஆடும் நிக்குது அப்பா” என்றான் பின்னாலிருந்து சிவகரன்.

அம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். கதவுப் பிடியை இறுக்கியிருந்த கை மெல்லத் தளர்ந்தது.

ஐஸ்பழ வான் பாட்டுப் போட்டபடி அவர்களை முந்திக்கொண்டு போனது.

கடைவாசலில் அப்பா தலையை நீட்டினார். இவ்வளவு சந்தோசமாக அவர் குரலைச் சிவகரன் கேட்டுக் கனகாலம்.

“பாத்தியளோ! கனடாக்காரனாலயும் ஏலாமப் போச்சு!”

கடையே சிரித்தது. “என்ன தம்பி,” என்றார் நாகமுத்து, “பறக்குமெண்டீர்?”

சிவகரன் இறங்கி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

“ஓம் அண்ணை. எனக்கும் டைமிங் வைக்கத் தெரியாது.”