பப்பாளி இலைச் சாறு

“பிளேட்லெட் எம்புட்டும்மா இருக்கு?” மூன்றாவது தடவையாகக் கேட்டார் சமயநல்லூர் சோணைமுத்து.

டெங்கு பயம் மனுஷரை இந்தப் பாடு படுத்துகிறதே என்று லேப் டெக்னீஷியன் ஹஃபீஸாவுக்குப் பாவமாக இருந்தது. ரிப்போர்ட்டை நீட்டினாள்.

“ரெண்டு லட்சத்து எண்பதாயிரம். டெங்குவும் இல்ல. பயப்படாமப் போங்கண்ணே.”

சோணைமுத்துவின் முகம் மலர்ந்தது. “நேத்துலருந்து நாலு வேளை பப்பாளி இலைச் சாறு குடிச்சேம்மா. அதான் ஏறியிருக்கு.”

“காய்ச்சலே இல்லாம அந்தக் கசப்ப எதுக்குண்ணே குடிச்சீங்க?”

“டெங்கு எம் மருமகளுக்கும்மா. பதினஞ்சாயிரத்துக்கு எறங்கிருச்சு. பிளேட்லெட் ஏத்தணுமாம். குடும்பத்துல என் ரத்தந்தான் அவளுக்குச் சேருது.”

ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். “பிள்ளைக்குக் குடுக்கப் போறப்ப நம்மகிட்ட நெறைய இருக்க வேணாமா?”