சுரண்டப்படும் அபிப்பிராயம்

வாசகர்களே, இந்த அநியாயத்தை வந்து பாருங்கள். கரமனை வாசகசாலையில், மாலை வெயில் விழும் மேசைமீது, சந்திரனுக்குப் பறக்கும் கதை சொல்லும் நாவல் கிடக்கிறது. படித்தவர்கள் கருத்தெழுத அதன் பின்னட்டையில் ஒட்டிய தாளில் 'அபாரம்' என்கிறார் ஒருவர். 'சுத்தப் புளுகு' என்கிறார் இன்னொருவர். அவற்றைத் தொடாத வாசகசாலைக் காரியதரிசி சேஷனின் சவரக்கத்தி, எதிரே நிற்கும் பள்ளிக்கூட ஆசிரியை ரத்னாபாயின் வரியை மட்டும் சுரண்டுகிறது: 'இத்தனை பெரிய விமானத்தில் ஒரு பெண்ணுக்கும் இடமில்லையா?' "ஸ்திரீகள் படிக்கலாம், அபிப்பிராயம் சொல்லப்படாது, கேட்டேளா" என்கிறார் அவர். "நீங்க சந்திரனுக்கே போங்க சாரே, எனக்க எழுத்த விட்டுட்டுப் போங்க" என்கிறாள் அவள். மசித்தூள் பறக்கிறது. சுரண்டிய இடத்திலேயே அதே வரியை அவள் மீண்டும் எழுதுகிறாள். சகோதரிகளே, நாளையே அந்த நாவலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அவளை மறுத்தாவது, அந்தத் தாளில் உங்கள் கருத்தை எழுதுங்கள்.