அழிக்க வேண்டிய அலை

பிரின்சி தலைப்பட்டையைக் கழற்றித் துடைத்து வைத்த பிறகும் கன்னியம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

விளம்பரம் முடிந்துவிட்டது. பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் டப்பாவும் மடியில் இருந்தது.

"இத்த எங்கூட்டுக்காரரு தலையில ஒருவாட்டி மாட்டிப் பாக்கிறியா, கண்ணு?"

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று நாளாக இந்த வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு தேயிலைக் கம்பெனிக்கான ஆய்வு. வருகிறவர்கள் தலையில் பட்டையைக் கட்டி, புதிய விளம்பரத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். மூளையில் எழும் அலைகள் லேப்டாப்பில் கோடுகளாக ஓடும். வாயால் கேட்டால் எல்லாருமே நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், மூளைக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது என்று பிரின்சிக்கு அவள் மேலாளர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

கன்னியம்மாவின் வீட்டுக்காரர் வெளியே வேப்பமர நிழலில் சக்கர நாற்காலியில் இருந்தார். பின்னால் மகன் ரகு, காலை ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் நின்றான்.

சின்னதுரை இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. இனி அவருக்கு எதுவும் தெரியாது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

இது வைத்தியத்துக்கான கருவி இல்லை, டீத்தூள் பிடிக்கிறதா என்று பார்க்கிற சாமான் என்று பிரின்சி சொல்லிப் பார்த்தாள். கன்னியம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு, சக்கர நாற்காலியை உள்ளே தள்ளும்படி மகனைக் கூப்பிட்டாள்.

அடுத்த ஆள் வரப் பத்து நிமிடம் இருந்தது.

பிரின்சி அவர் நெற்றியில் பசையைத் தொட்டு வைத்துப் பட்டையைக் கட்டினாள். எண்ணெய் தடவி வகிடெடுத்து வாரிய தலை. அன்று காலையில் செய்த சவரம்.

கோடுகள் ஓடின. சின்னச் சின்னதாய், ஒரே சீராய்.

கன்னியம்மா ஏதோ பேசப்போகிறாள் என்று பிரின்சி காத்திருந்தாள். அவளோ மகன் பக்கம் திரும்பி, நீ கூப்பிடு என்றாள்.

ரகு சுவரைப் பார்த்தான். அவன் அப்பாவைக் குளிப்பாட்டுவான், தூக்கிப் படுக்க வைப்பான், மாத்திரை வாங்கி வருவான், ஆனால் ஒரு வார்த்தை பேசமாட்டான் என்று கன்னியம்மா பிரின்சியிடம் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை.

"நைனா" என்றான் கடைசியில், தரையைப் பார்த்து.

கோடு துள்ளித் திரையின் மேல் விளிம்பைத் தொட்டது.

பிரின்சிக்கு மனசு விட்டுப்போயிற்று. அது மூளையின் அலை இல்லை. கண் இமைத்தால் கோடு அப்படித்தான் துள்ளும். அதைக் குப்பை என்று பொறுக்கியெடுத்து அழிப்பதுதான் தினமும் மாலையில் அவள் வேலை. இந்த அம்மாளிடம் அதை எப்படிச் சொல்வது?

கன்னியம்மா இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னாள். ரகு கூப்பிட்டான். கோடு துள்ளியது.

மூன்றாம் முறை கூப்பிட்டபோது பிரின்சி திரையை விட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

இமைகள் மெல்ல மூடின. ஒருவர் 'ம்' கொட்டுகிற நேரம் மூடியே இருந்தன. பிறகு திறந்தன.

அவள் அவர் காதருகே குனிந்து, நாங்கள் பேசுவது கேட்கிறது என்றால் இரண்டு தடவை கண்ணை மூடித் திறங்கள் என்றாள்.

ஒன்று. இரண்டு.

கன்னியம்மா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"இவருக்கு எல்லாம் தெரியுதுன்னு நான் சொன்னா, ஆசையில பேசுறேன்னாங்க. டாக்டருங்க ஸ்கேன் படத்தப் பாத்தாங்க. இவன் டாக்டருங்களப் பாத்தான். அவரு மூஞ்ச யாருமே பாக்கல, கண்ணு."

ரகு சந்தோஷப்படுவான் என்று பிரின்சி நினைத்திருந்தாள். அவனோ சுட்டுவிட்டதுபோல நாற்காலியின் பிடியிலிருந்து கையை எடுத்திருந்தான்.

"அப்போ அன்னிக்கு நான் சொன்னதும்..."

மீதியை அவன் தரையிடம்தான் சொன்னான். ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியானம். படுக்கை விரிப்பை அன்றைக்கு மூன்றாவது தடவையாக மாற்றிக்கொண்டிருந்தான். அவருக்குத்தான் கேட்காதே என்ற தைரியத்தில், தலைமாட்டிலேயே நின்று சொல்லிவிட்டான். விழுந்த அன்றைக்கே போய்ச் சேர்ந்திருந்தால் அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி என்று. அதன்பிறகு அவர் முன்னால் அவனுக்கு வாய் வரவில்லை.

சின்னதுரையின் கண்கள் இரண்டு தடவை மூடித் திறந்தன.



"கேட்டாருடா. நானும் அடுப்பாண்டதான் இருந்தேன்" என்றாள் கன்னியம்மா. "மறுநாளு உன் வண்டி சத்தம் கேட்டதும் கண்ண வாசப்பக்கம் திருப்புனாரு. அன்னிலேருந்து ஒரு நாளு உடாம, நீ வர்ற வரைக்கும் வாசலத்தான் பாத்துனுகிறாரு."

ரகு அவர் பார்வைக்கு நேராக வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

அடுத்த ஆள் வந்து கதவைத் தட்டினார். பிரின்சி கதவை ஒரு விரல் அளவு திறந்தாள். உள்ளே விளம்பரம் ஓடுகிறது, கொஞ்ச நேரம் ஆகும், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுச் சாத்தினாள்.