சுவர் வழியே வந்த ரயில்

பொறியாளர் அதிர்வு அளக்கும் கருவியைத் தரையில் வைத்துக் காத்திருந்தார். வீட்டின் பின்னால் அதிவேக ரயில் பாய்ந்து போனது. முள் அசையவில்லை.

"பாருங்கம்மா, தண்டவாளத்துக்கு அடியில ரப்பர் போட்டாச்சு. அலமாரியில ஒரு டம்ளர்கூட ஆடல. இன்னும் எதுக்குப் புகார் மேல புகார்?"

"ஆடலங்கறதுதான் புகார். பழையபடி ஆட வைங்க" என்றாள் வீட்டுக்கார மூதாட்டி.

"என்னம்மா, விளையாடறீங்களா?"

அவள் உள்ளறைக் கதவைத் திறந்தாள். கட்டிலில் படுத்திருந்த அவள் கணவர் சுவரில் உள்ளங்கையைப் பதித்திருந்தார்.

"இந்த ரயிலை ஓட்டினவர். காது போனப்புறம் சுவரைத் தொட்டுப் பார்த்தே, 'இன்னிக்கு எவனோ அவசரக்காரன் ஓட்டறான்'னு சிரிப்பார். இப்போ வண்டி ஓடுதுன்னு எழுதிக் காட்டினாலும் நம்பல. என் பேச்சை என்னிக்கு நம்பினார்?"

பெரியவர் பொறியாளரின் சட்டையிலிருந்த ரயில்வே முத்திரையைப் பார்த்தார்.

"தம்பி, இன்னிக்கும் வண்டி ரத்தா?"