மேல்மாடிக் குளியலறை

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயின் காலை வெயில் மேல்மாடிக் குளியலறையின் வெள்ளை ரைல்ஸ் தரையில் விழுந்து கிடக்கிறது. பவளராணியின் நோர்வேயில் இருக்கும் மகள் தன் குடும்பம் வந்து தங்குவதற்கென்று கட்டுவித்த மாடி இது. மூன்று வருடமாக ஒருவரும் குளிக்காத அந்த அறையில் பிளம்பர் மரியதாஸ் குந்தியிருந்து கீசர்க் குழாயைக் கழற்றுகிறார். கறள் கலந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் வாளிக்குள் கொட்டுகிறது. பேரப்பிள்ளைகளுக்குத் தலை துவட்டவென்று வாங்கிய புதுத் துவாயை நெஞ்சோடு அணைத்தபடி பவளராணி வாசலில் நிற்கிறாள்.

"தண்ணி ஓடாமல் நிண்டால் உப்புப் பிடிச்சு அடைக்கும் அன்ரி. கிழமைக்கு ஒருக்கா எல்லாப் பைப்பையும் திறந்து விடோணும்," என்கிறார் அவர். பிறகு நிமிர்ந்து பார்த்து, "பிள்ளையள் நாளைக்கோ வருகினம்?" என்று கேட்கிறார்.

"இல்லைத் தம்பி. விடியத்தான் மகள் கதைச்சவள். லீவு கிடைக்கேல்லையாம். இந்த முறையும் வரேல்லையாம்."

மரியதாஸின் கையில் ஸ்பானர் அசையாமல் நிற்கிறது. "அப்ப என்னை வரவேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே?"

அவள் துவாயின் ஓரத்தை நீவி விடுகிறாள். "சொல்லத்தான் போனை எடுத்தனான். பிறகு, வீட்டிலை ஒரு ஆள் வந்து நிக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

அவர் புதுக் குழாயைப் பூட்டி, சுவிட்சைப் போடுகிறார். கீசரில் சிறிய சிவப்பு விளக்கு எரிகிறது.

"சுட இருபது நிமிசமாகும். ஒழுகுதோ எண்டு பார்த்திட்டுத்தான் போவன். ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ அன்ரி?"

"ஓம், ஓம். இருங்கோ," என்று அவள் படிகளில் இறங்குகிறாள். முழங்கால் வலியை மறந்தவள்போல விரைந்து இறங்குகிறாள். கீழே குசினியில் இரண்டு கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் மாடிவரை கேட்கிறது.