ஏழாவது வரிசை

குடும்ப வரலாற்றுக்காகப் பழைய தீர்ப்பு நகலைப் பார்த்து எக்செல்லில் பெயர்களை ஏற்றிக்கொண்டிருந்தாள் சுடர்க்கொடி. பங்காளிச் சண்டை. அவளுடைய பாட்டனின் அப்பா ஒரே காலையில் ஏழு பேரை வெட்டியிருந்தார். கழுத்து, பிடரி, தடுக்க நீட்டிய கை என்று காயங்களைக்கூட எழுதியிருந்தார்கள். ஏழாவது மாடத்தி, ஐந்து மாதக் குழந்தை. தொட்டிலோடு சேர்த்து வெட்டியிருந்தார்.

முதல் பெயருக்கு எதிரே இறந்த தேதியை அடித்தாள்: 7-6-1891. அவ்வளவு பழைய தேதியை எக்செல் தேதியாக எடுத்துக்கொள்ளாது, இழுத்தால் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போகும் என்பது அவளுக்குத் தெரியாது. எல்லோருக்கும் அதே தேதி விழட்டும் என்று கட்டத்தின் மூலையைப் பிடித்து ஒரே இழுப்பில் கடைசிப் பெயர் வரை இழுத்தாள். நாள் அப்படியே நிற்க, வரிசைக்கு ஓர் ஆண்டு கூடிக்கொண்டே போனது.

அழிக்கப் போனவளின் மணிக்கட்டை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா பிடித்தார்.

"இருக்கட்டும். வருசத்துக்கு ஒருத்தர்னா எவனும் ஏன்னு கேக்க மாட்டான்."

"தப்பா இருக்கு பெரியப்பா."

"இருக்கட்டும்னேன்ல."

எலும்பு நெரியும்படி இறுக்கினார். அவள் கையை உதறி விடுவித்துக்கொண்டு கடைசி வரிசையைப் பார்த்தாள். மாடத்தி, இறப்பு 7-6-1897. ஆறு வயது. ஓடத் தெரிந்திருக்கும். திருத்த வேண்டுமென்றால் அவளைத் தூக்கி மறுபடி அந்தத் தொட்டிலில் போட வேண்டும்.