கையெழுத்துக்கு மேலே

கிராம சபைக்கு வந்தோமா, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டோமா, வீட்டுக்குப் போனோமா என்பதுதான் ஊர் வழக்கம். இன்றைக்கு வரிசை நகரவே இல்லை. முன்னால் நின்ற இசக்கிச்செல்வி பேனாவைப் பிடித்தபடி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, குத்தால மலையில சாரல் எறங்கிட்டு. எனக்குத் துணியெல்லாம் கொடியில கெடக்கு. சட்டுன்னு போடு" என்றாள் பின்னால் நின்ற உலகம்மாள்.

"படிச்சிட்டுப் போடுதேன், மைனி."

"நீ என்ன பரீட்சையா எழுதப் போறே?" என்று ஊராட்சிச் செயலர் சிரித்தார்.

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். ஐந்து நிமிஷம் போனது. பொறுக்க முடியாமல் உலகம்மாள் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

பக்கத்தின் உச்சியில் தேதி. அடியில் பதினேழு கையெழுத்துகள். நடுவில் ஒரு வரிகூட இல்லை.

"தீர்மானம் எங்க?"

"அத நான் பொறவு எழுதிக்கிடுவேம்மா" என்றார் செயலர்.

இத்தனை வருஷமாக எதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டோமோ என்று உலகம்மாளுக்குத் திக்கென்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். பின்னால் வரிசையும் உட்கார்ந்தது.

"துணி நனைஞ்சா நனையட்டும். மொதல்ல எங்க தெருக் குழாய எழுதுங்க, அண்ணாச்சி. சத்தமா வாசிச்சுக்கிட்டே எழுதுங்க."